மறக்கக்கூடாததை முதலில் வைத்தவர்

காலையில் இரண்டாவது காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். தொலைபேசி அடித்தது. மாட்டுங்காவிலிருந்து பஞ்சாபகேசனின் மனைவி ஜானகி அம்மாள். எப்போதும் "சௌக்கியமா அண்ணா?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"அண்ணா, அந்த மாத்திரையை எங்கே வெச்சிருக்கார்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எந்த மாத்திரை?" என்றேன்.

"நாக்குக்கு அடியிலே வெச்சுக்கறது. டிராயர்லே இல்லை. எங்கேயுமே இல்லை அண்ணா."

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் லிப்டைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். இணைப்பு போய்விட்டது. திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினேன். காஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடி திறந்து பார்த்தேன். என்னால் எதையும் ஒரு முறையோடு விட முடிவதில்லை, அன்றும் முடியவில்லை.

ஆட்டோ சுனாபட்டி அருகே நெரிசலில் நின்றபோது கைபேசியில் சுடலைமுத்துவின் அழைப்பு வந்தது. தாராவியில் பைகளும் பெட்டிகளும் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். பஞ்சாபகேசனும் நானும் அவருமாகச் சேர்ந்து ஊர் சுற்றும் மூவரில் இளையவர்.

"அண்ணாச்சி போயிட்டாவ, சார்."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"மெதுவாவே வாங்க. இனி அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

திரு. பஞ்சாபகேசன் அவர்களை நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த இதழை வாசிப்பவர்கள் பலர் அறிவார்கள். சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடைக்கு ஏறாமல், கடைசி வரிசையில் நின்று உரக்கச் சிரிப்பவர் அவர். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூர்விகம் பாலக்காடு. பிறந்தது, படித்தது, மணந்தது, மறைந்தது எல்லாம் மாட்டுங்காவில். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மேலதிகாரிகளின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு விசா, டிக்கெட், ஹோட்டல் ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை.

"நான் போஸ்ட் பாக்ஸ் மாதிரி ஓய்," என்பார். "லெட்டரெல்லாம் ஊர் ஊராப் போகும். பெட்டி மட்டும் நடைபாதையிலேயே நிக்கும்."

நான் அணுசக்தி நகரில் ஓர் ஆய்வு நிலைய நூலகத்தில் புத்தகங்களைப் பகுத்து எண்ணிடும் பணியில் இருந்தவன். செம்பூரில் வசிக்கிறேன். மனைவி காலமாகிவிட்டார். மகன் குடும்பத்தோடு டோம்பிவிலியில் இருக்கிறான். பஞ்சாபகேசனை நான் சந்தித்தது ஓய்வு பெற்ற பிறகு, பாஸ்போர்ட் அலுவலகத்தில். கவுன்ட்டரில் இருந்த பெண் "சர்நேம் என்ன?" என்று கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, முன்னால் இருப்பது தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, அதற்குக் காரணம் என்னவென்றால் என்று நான் முறையாக விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

"அப்பா பேரைக் கொடுத்துடும் ஓய். அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்."

கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் அவரே என்னை ஒரு காப்பிக்கு அழைத்துப் போனார். பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்டார். எதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று எடுத்தேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எதுக்கும் இருக்கட்டும்னு குடை வாங்குவா. பாஸ்போர்ட்டா வாங்குவா? வாரும், எங்கேயாவது போவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாட்டுங்கா மார்க்கெட்டை ஒட்டிய ஒரு காப்பி ஹோட்டலில் வாராவாரம் உட்கார்ந்தோம். மேஜைக்கு ஆள் காத்திருந்தால் சர்வர் வந்து எங்கள் தலைக்கு மேல் நிற்பார். பஞ்சாபகேசன் இன்னொரு காப்பி சொல்லிவிட்டு நியூசிலாந்தின் வரைபடத்தை டவரா செட்டுக்கு நடுவில் விரிப்பார். எவ்வளவு நேரம் பறந்தால் கால் வீங்கும், எந்த விமான நிலையத்தில் உட்கார நல்ல இடம் உண்டு, இறங்கிய முதல் நாள் ஏன் எதையும் பார்க்கப் போகக்கூடாது எல்லாம் அவருக்குத் தெரியும். அத்தனையும் பிறர் போய்வந்து சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

அவருக்கு ஒரு விதி இருந்தது. பெட்டி அடுக்கும்போது முதலில் துணி வைக்கமாட்டார். "மறக்கக்கூடாததை முதல்ல வை. வெச்சாச்சுன்னா அப்புறம் மறந்தே போகலாம்," என்பார். கடைசி நிமிஷத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மேஜை மேல் விடப்படுகிற பொருள்தான் எப்போதும் வீட்டில் தங்கிவிடுகிறது என்பது அவர் கட்சி. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அதில் பிழை எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நியூசிலாந்துக்குப் போன அந்த முதல் பயணத்தின்போதுதான் பரஸ்தானம் வந்தது. நாங்கள் புறப்படும் நாளில் அந்தத் திசைக்குச் சூலம் என்று ஜானகி அம்மாள் கவலைப்பட்டார். டிக்கெட்டை மாற்ற முடியாது. அதற்குப் பரிகாரமாக, ஒரு நல்ல நாளில் நல்ல வேளையில் பெட்டியை மட்டும் வீட்டிலிருந்து கிளப்பி வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்கப்புறம் ஆள் எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஒரே நிபந்தனை: கிளம்பிய பெட்டி, பயணம் முடியாமல் வீட்டுக்குத் திரும்பக்கூடாது.

"எந்தத் திக்கிலே இருக்கற வீட்டிலே வெக்கணும்?" என்று பஞ்சாபகேசன் மனைவியைக் கேட்டார்.

"போற திக்கிலே."

"போற திக்கிலே கடல்தான் இருக்கு. சிவராமன் வீட்டிலே வெக்கறேன். அவர் வீட்டைவிடப் பத்திரமான திக்கு உலகத்திலேயே கிடையாது."

பெட்டி செம்பூருக்கு, என் வீட்டுக்கு வந்தது. அதற்கு மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. கையில் செய்தித்தாளோடு பஞ்சாபகேசன் நின்றார்.

"பெட்டியைத் திறக்கணும் ஓய்."

"என்ன ஆச்சு?"

"கண்ணாடி உள்ளே இருக்கு. முதல்ல வெச்சுட்டேன்."

அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து, என் நாற்காலியில் உட்கார்ந்து முழுப் பேப்பரையும் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியை மறுபடி அடியில் வைத்து, மேலே துணிகளை அடுக்கி மூடினார். கையோடு கொண்டுபோகலாமே என்றேன். "போகலாம். ஜானகி விடமாட்டாள். கிளம்பின சாமான் திரும்பப்படாது." புறப்படும் நாள் வரை ஒவ்வொரு காலையும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். அவருக்குச் சூலத்திலும் ராகு காலத்திலும் பெரிய நம்பிக்கை இருந்ததாக நான் நினைக்கவில்லை. மனைவியின் நிம்மதியில் நம்பிக்கை இருந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக இரண்டாவது கண்ணாடி ஒன்று செய்துகொண்டார். "எல்லாத்துக்கும் ரெண்டு வேணும் ஓய். ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு இருக்கறதுக்கு."

அந்தப் பயணத்தில் சிங்கப்பூரில் விமானம் மாறினோம். ஒலிபெருக்கியில் "மிஸ்டர் ராமசேஷன்" என்று அழைத்தார்கள். பஞ்சாபகேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகுதான் அது பாஸ்போர்ட்டில் இருந்த அவர் தகப்பனார் பெயர் என்று இருவருக்கும் உறைத்தது. ஓடினோம். இருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அப்பா பாலக்காட்டிலேருந்து பம்பாய்க்கு ஒரே ஒரு தடவை ரயிலேறினார். அப்புறம் தாதர் தாண்டினாரான்னே சந்தேகம். இப்ப பாரும், சிங்கப்பூர்லே அவரை மைக் வெச்சுக் கூப்பிடறா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக்லாந்தில் இறங்கியதும் என்னால் ஒரு சங்கடம். உணவு, தாவரம், விலங்குப் பொருள் எது இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி என் விபூதிப் பொட்டலத்தைக் கையில் எடுத்து இது என்ன என்றார். சாம்பல் என்றேன். எதன் சாம்பல் என்றார். பசுவின் சாணம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டார். பொட்டலம் போயிற்று, என்னுடையதோடு பஞ்சாபகேசனுடையதும் போயிற்று.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும் ஓய்," என்றார் வெளியே வந்து. "எதன் சாம்பல்னுதானே கேட்டான்?" என்றேன். "சாமியோட சாம்பல்னு சொல்லியிருக்கலாமே. பயந்துண்டு விட்டிருப்பான்."

சுடலைமுத்து எங்களோடு சேர்ந்தது அந்தப் பெட்டியால்தான். ஒரு சக்கரம் உடைந்து வந்தது. அதைச் சரிசெய்யத் தாராவிக்குப் போன பஞ்சாபகேசன், திரும்பி வரும்போது ஒரு சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "ஊரெல்லாம் போற பெட்டியைச் செய்யறார், இவர் திருநெல்வேலியும் தாராவியும்தான் போயிருக்கார். நம்ம ஜாதி ஓய், போஸ்ட் பாக்ஸ் ஜாதி," என்று அறிமுகப்படுத்தினார். "நான் எதுக்கு அண்ணாச்சி? எனக்கு இங்கிலீசு ஆகாது," என்றார் சுடலைமுத்து. "சிவராமனுக்கு நன்னா ஆகும். அதனாலேதான் விபூதி போச்சு," என்றார் பஞ்சாபகேசன்.

மூவரும் கனடா போனோம். சேர்ந்து பயணம் செய்வது சேர்ந்து காப்பி குடிப்பது போல் இல்லை. சுடலைமுத்துவின் குறட்டை, நான் எதையும் மூன்று முறை சரிபார்ப்பது, பஞ்சாபகேசன் ஒவ்வொரு பஸ் டிரைவரிடமும் பேச்சுக் கொடுப்பது எல்லாம் நான்கைந்து நாளில் பெரிதாகிவிடும். அதற்கும் அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். பயணத்தின் நடுவில் ஒரு நாள் யாரும் யாரையும் பார்க்கக்கூடாது. "சிநேகத்துக்கு ஒரு நாள் லீவு" என்று அதற்குப் பெயர்.

வான்கூவரில் அந்த லீவு நாளில் நான் துணிந்து தனியாக வெளியே போனேன். தவறான பஸ்ஸில் ஏறி, கடலே தெரியாத ஏதோ ஒரு பேட்டையில் இறங்கி, போனில் சார்ஜ் தீர்ந்து, மழையில் நனைந்து, இருட்டும் நேரத்தில் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தேன். வரவேற்பறை சோபாவில் பஞ்சாபகேசன் உட்கார்ந்திருந்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கேயும் இல்லை. லீவை இங்கேயே உக்காந்து எடுத்துண்டேன்," என்றார். காலையிலிருந்து அந்தச் சோபாவை விட்டு நகரவில்லை என்று சுடலைமுத்து பிறகு சொன்னார். "சார் வழி தெரியாம வந்தாவன்னா யாராவது இருக்கணுமேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ." பஞ்சாபகேசன் கடலைப் பார்க்காமலே அந்த ஊரிலிருந்து திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "கடல் நம்ம ஊர்லேயே இருக்கு ஓய். சிவராமன்தான் ஒண்ணே ஒண்ணு," என்றார்.



கடைசியாக அவர் போட்ட திட்டம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினாவின் தென்கோடியில் உஷுவாயா என்று ஓர் ஊர். அதற்குத் தெற்கே பேர் சொல்லும்படி நகரம் கிடையாது; அப்புறம் பனிக்கடல்தான். ஹோட்டலில் வரைபடத்தின் அடிமுனையில் விரலை வைத்துக்கொண்டு, "இதுதான் உலகத்தோட சர்ச்கேட் ஸ்டேஷன். ட்ராக் இங்கே முடியறது," என்றார்.

"அதுக்கங்கிட்டு?" என்றார் சுடலைமுத்து.

"அதுக்கங்கிட்டு ஐஸ்."

"திரும்பி வர வழி?" என்றேன் நான். நான்தான் இப்படிக் கேட்பேன்.

"சர்ச்கேட்லேருந்து வண்டி திரும்பாமலா இருக்கு? அதே வண்டிதான், பின்பக்கமாக் கிளம்பும். பயப்படாதேயும்."

வீட்டில் சூல விவாதம் நடந்தது. நானும் இருந்தேன். புறப்படும் நாள் வியாழக்கிழமை. "வியாழன்னா தெற்கே சூலம்," என்றார் ஜானகி அம்மாள்.

"முதல்ல தோஹா போறோம். அது மேற்கு. வியாழக்கிழமைக்கும் மேற்குக்கும் சண்டையே இல்லை."

"அங்கேயிருந்து?"

"அங்கேயிருந்து சாவோ பாவ்லோ. அதுக்குள்ளே வெள்ளிக்கிழமை ஆயிடும்."

"அது எந்தத் திக்கு?"

பஞ்சாபகேசன் என்னைப் பார்த்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். "மேற்கு" என்றேன்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்," என்றார் ஜானகி அம்மாள். வெற்றிச் சிரிப்பு. பஞ்சாபகேசன் கையைக் கூப்பினார். "பெட்டி செம்பூருக்குப் போகட்டும்."

புறப்பட மூன்று வாரம் இருந்தது. அதற்குள் வருகிற கடைசி நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்த்து, ஒரு புதன்கிழமை காலையில் அவரே பெட்டியைக் கொண்டுவந்து என் கூடத்தில் வைத்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிப்ட் வேலை செய்யவில்லையா என்றேன். செய்கிறது, சும்மா ஏறிப் பார்த்தேன் என்றார். தண்ணீர் குடித்தார். "குளிர்ச் சாமான் எல்லாம் போட்டாச்சு. இனி நான் வந்தாப் போறும்," என்றார். அவரை நான் பார்த்தது அதுவே கடைசி. அடுத்த வாரத் தொடக்கத்தில், காலைக் காப்பி நேரத்தில், அந்த அழைப்பு வந்தது.

அவருக்கு நெஞ்சில் கோளாறு இருப்பது சமீபத்தில்தான் தெரிந்ததாம். வலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். எங்கள் இருவரிடமும் சொல்லக்கூடாது என்று ஜானகி அம்மாளிடம் வாக்கு வாங்கியிருந்தார். "சொன்னா சிவராமன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவார்" என்றாராம். உண்மை. பண்ணியிருப்பேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டதை நான் கூடத்து மூலையில் உட்கார்ந்து கேட்டேன். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. "எல்லாருக்கும் பிளான் போட்டார், தன் மாத்திரையை எங்கேயோ வெச்சுட்டு மறந்துட்டார்." "வயசாச்சோல்லியோ, மறதிதான்." ஒருவர் போனால் இன்னொருவர் வந்து அதையே சொன்னார். ஜானகி அம்மாள் டிவிக்குக் கீழே இருந்த டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மாத்திரை தேடி இழுத்தபடியே திறந்து கிடந்தது. யாரும் மூடவில்லை.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தேன். கூடத்தில் பெட்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் தொலைபேசி. நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பெட்டியைப் பார்த்தேன். அந்த நாற்காலியில்தான் அவர் பேப்பர் படிப்பார். அப்போது எனக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது.

பிறர் பெட்டியைத் திறப்பது சரியா என்று தெரியவில்லை. திறந்தேன். கம்பளிச் சட்டை, மப்ளர், காலுறைகள், ரசப்பொடி, ஊறுகாய்ப் பாக்கெட், அவருடைய அந்த இரண்டாவது கண்ணாடி. ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே தரையில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், பெட்டியின் அடிப்பாகத்தை ஒட்டி, ஒரு சின்ன ஜிப் பை. அதில் மாத்திரை அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அவர் மறக்கவில்லை. முதல் பொருளாக அதைத்தான் வைத்திருக்கிறார்.

நான் என்ன செய்ய முடியும்? அவர் மறதிக்காரர் இல்லை என்று அந்தக் கூடத்தில் எழுந்து நின்று சொல்லலாம். சொன்னால் மாத்திரை எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். பெட்டி ஏன் செம்பூரில் இருந்தது என்று சொல்ல வேண்டும். அதை அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வாழ்நாளெல்லாம் எதையும் தவறவிடாத மனிதர், கடைசியில் மறந்து இறந்தவர் என்று பெயரெடுப்பார். மருத்துவர், மாத்திரை கையில் இருந்தாலும் பயன்பட்டிருக்காது, அவ்வளவு கடுமையான தாக்குதல் என்றார். அதை எல்லோரிடமும் சொன்னார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கேட்கத் துணிவில்லை.

பொருட்களைத் திரும்ப அடுக்கினேன். மாத்திரையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில், அவர் வைத்த இடத்திலேயே, முதலில் வைத்தேன்.

காரியங்கள் நடந்த நாட்களில் தினமும் மாட்டுங்கா போனேன். தினமும் சொல்லிவிடுவது என்று கிளம்புவேன், சொல்லாமலே திரும்புவேன். சுடலைமுத்துவிடம் மட்டும் சொன்னேன். "சொல்லாண்டாம் சார். அந்தம்மா தாங்காது," என்றார். அடுத்த நாள் அவரே வந்து, "சொல்லித்தான் ஆகணுமோ?" என்றார். எங்களுக்கு இம்மாதிரிச் சமயங்களில் வழி சொல்பவர் பஞ்சாபகேசன்தான். அவர் இல்லை.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த அன்று உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு, ஜானகி அம்மாள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்தார்.

"பெட்டியைத் திறந்து பாத்தேளா அண்ணா?"

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதிலேதான் இருக்கும்," என்றார். "மறக்கக்கூடாததை முதல்ல வைப்பாரே. எனக்கு அன்னிக்கு ராத்திரியே தோணித்து. கேக்க பயமா இருந்தது. இருக்கா?"

என்னென்னவோ வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். தலையை மட்டும் அசைத்தேன்.

"ரெண்டு அட்டை வாங்கறதாத்தான் இருந்தார். ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு இருக்கறதுக்கு. கடைக்காரன் ஒண்ணுதான் இருக்கு, அடுத்த வாரம் வாங்கோன்னான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "நான்தான் பெட்டியை அனுப்பினேன் அண்ணா."

"டாக்டர் சொன்னாரே அம்மா, அது இருந்தாலும்…"

"சொன்னார். எல்லாரும் சொல்றா. நீங்களும் சொல்லுங்கோ. வேண்டாம்னு சொல்லலே."

கீழே தெருவில் பூக்காரர் விலை கூவிக்கொண்டு போனார். அது முடியும் வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். "வேண்டாம். கிளம்பின பெட்டி. திரும்பப்படாது." பிறகு தணிந்து சொன்னார்: "சங்கத்து இதழ்லே அவரைப் பத்தி எழுதப் போறேளாமே. இதையும் எழுதிடுங்கோ. என் பேரோடயே எழுதுங்கோ. அவர் மறதியாலே போனார்னு ஒருத்தரும் சொல்லப்படாது. மறக்காததாலேதான் போனார்."

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். எழுதியது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமையும் வந்தது. எங்கள் இருவரின் டிக்கெட்டை என்ன செய்வது என்று ஏஜென்ட் பலமுறை கேட்டும் நான் பதில் சொல்லவில்லை. போகவும் துணிவில்லை, ரத்து என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிற்பகலில் சுடலைமுத்து சொல்லாமல் வந்து நின்றார். பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாக விரலால் உருட்டிப் பார்த்தார். "நல்லா ஓடுது. உலகத்தச் சுத்தினாலும் தாங்கும்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று பஞ்சாபகேசன் சொல்லி வைத்திருந்த நேரம் நெருங்கியது.

"கீழ வரைக்கும் கொண்டு போவோமா சார்?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. இருவருமாகப் பெட்டியை லிப்டில் ஏற்றி, கட்டட வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். நடைபாதையில் நடுவில் பெட்டி, இரண்டு பக்கமும் நாங்கள். ஓர் ஆட்டோ வேகம் குறைத்து எங்களை ஒட்டி வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டிப் பெட்டியைப் பார்த்தார்.

"ஏர்போர்ட், அங்கிள்?"

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஓட்டுநர் காத்திருந்தார். பிறகு எங்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் உரக்க, "மூணு பேரா, ரெண்டு பேரா?" என்று இந்தியில் கேட்டார்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஓய் என்பீர்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை, பஞ்சு. ஆட்டோக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியை மறுபடி மேலே கொண்டுவந்தோம். சுடலைமுத்து தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டுப் போனார். திரும்பி வந்தது என் வீட்டுக்குத்தானே, உங்கள் வீட்டுக்கு இல்லையே, ஆகையால் தோஷமில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நாளை யார் வந்து எந்தத் திக்கில் இதை எடுத்துப் போவார்கள் என்று தெரியாது. உள்ளே எல்லாம் நீங்கள் வைத்த வரிசையிலேயே இருக்கிறது. கூடத்தில் பழைய இடத்தில் நிறுத்தி, பிடி வாசலைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தேன்.